எச்.எஸ்.சி.யில் ஓவியப் பாடம்: இரண்டு வருடம் என்னதான் படிக்கிறார்கள்?

பள்ளிச் சான்றிதழுக்கான எஸ்.சி. (ஸ்கூல் சர்டிஃபிகேட்) தேர்வு முடிவு வந்த கையோடு பிள்ளைகளின் பாடத்தேர்வு பற்றிப் பேசப் பெற்றோர்கள் பள்ளிக்கு வருவார்கள். ஓவிய ஆசிரியை என்பதால் என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். சென்ற முறை ஓர் அம்மா மகளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு கேட்டார்: "மிஸ், இவளுக்குச் சின்ன வயதிலிருந்தே கை நன்றாக ஓடும். அது எங்களுக்கும் தெரியும். ஆனால் இரண்டு வருடம் உட்கார்ந்து படிக்க ஓவியத்தில் என்ன இருக்கிறது?" பேச்சு கிரியோலில்தான் நடந்தது. எங்கள் மொரீசியஸில் தமிழர் வீடுகளிலும் புழங்குகிற மொழி அது. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அன்றைக்கு அவருக்குச் சுருக்கமாகச் சொன்னதை இங்கே நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில் அமைப்பு. இங்கே எஸ்.சி.க்கு மேல் லோயர் சிக்ஸ், அப்பர் சிக்ஸ் என்று இரண்டு வருடம். கடைசியில் எச்.எஸ்.சி. (ஹையர் ஸ்கூல் சர்டிஃபிகேட்) தேர்வு. பிரிட்டனின் கேம்பிரிட்ஜ் தேர்வு அமைப்பும் மொரீசியஸ் தேர்வு சிண்டிகேட்டும் சேர்ந்து நடத்துவது. மாணவர் எடுக்கிற மூன்று முதன்மைப் பாடங்களில் ஒன்றாக ஓவியமும் இருக்கலாம்; பாடத்திட்டத்தில் அதன் பெயர் 'கலையும் வடிவமைப்பும்'. கணக்கும் வேதியியலும் பொருளியலும் எந்த வரிசையில் நிற்கின்றனவோ அதே வரிசை.

எச்.எஸ்.சி. முதன்மைப் பாடங்களுக்கான கேம்பிரிட்ஜ் ஏ லெவல் பாடத்திட்டத்தில் இந்தப் பாடத்துக்கு மூன்று பகுதிகள். ஒன்று, வகுப்பில் மாதக்கணக்கில் செய்து சேர்க்கிற பாடவேலை. இரண்டாவது, வெளியிலிருந்து வருகிற வினாத்தாளை வைத்துச் செய்யும் வேலை. மூன்றாவது, மாணவரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு ஆழமாகப் போகிற தனி ஆய்வு. முதல் இரண்டுக்கும் தலா 25 சதவீதம், தனி ஆய்வுக்கு மட்டும் 50 சதவீதம்.

எதற்கு மதிப்பெண் தருகிறார்கள் என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். நான்கு விஷயங்களைப் பார்க்கிறார்கள். பார்த்ததையும் தோன்றியதையும் பதிவு செய்திருக்கிறாயா? பொருள்களையும் வழிமுறைகளையும் சோதித்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தாயா? ஒரு யோசனையை ஆராய்ந்து அடுத்தடுத்த கட்டத்துக்கு வளர்த்தாயா? கடைசியில், உன்னுடையது என்று சொல்லக்கூடிய ஒன்றாக அதை முடித்துக் காட்டினாயா? நான்குக்கும் சம எடை. சுவரில் மாட்டி வைக்கும்படியான அந்த முடிந்த படம் பெரும்பாலும் நான்காவதில்தான் கணக்காகிறது. மற்ற மூன்றும் அந்தப் படத்துக்கு முன்னால் நடந்த வேலை. திருத்துகிறவர் உங்கள் பிள்ளையைப் பார்த்ததில்லை, பேசியதில்லை. அவர் கைக்கு வருவது தாள்கள் மட்டுமே. தலைக்குள் நடந்தது தாளில் இல்லையென்றால் அவருக்கு அது நடக்கவே இல்லை.

ஒரு மாணவி செய்ததைச் சொன்னால் இது சுலபமாகப் புரியும்.

அவள் எடுத்துக்கொண்ட தலைப்பு காவடி. தைப்பூசம் எங்கள் தீவில் அரசு விடுமுறை. ஊர் ஊராகக் காவடி புறப்படும் நாள். அவள் வீட்டில் அண்ணன் காவடி எடுப்பவன். முதல் வாரம் முழுக் காவடியையும் வரைந்துகொண்டு வந்தாள். வளைந்த சட்டம், பூ, மயிற்பீலி, இரண்டு பக்கமும் பால் செம்பு, எல்லாம் இருந்தது. காலண்டரில் அச்சடிக்கலாம், அவ்வளவு சுத்தம். "இதை எங்கிருந்து வரைந்தாய்?" என்று கேட்டேன். போனில் கிடைத்த படம் என்றாள். புகைப்படத்தைப் பார்த்து வரைவதை நான் முதல் சில மாதங்கள் அனுமதிப்பதே இல்லை. எங்கே நிற்பது, எதை விடுவது, வெளிச்சம் எவ்வளவு என்பதையெல்லாம் படம் எடுத்தவர் முன்பே தீர்மானித்துவிட்டார். வரைகிறவருக்குக் கையை ஓட்டுவது தவிர வேலை இல்லை.

அடுத்த வாரம் அவள் அண்ணன் காவடி கட்டுகிற இடத்தில் போய் உட்கார்ந்தாள். அங்கே அவள் கண்ணில் பட்டது, வளைத்த சட்டம் அடிக்கட்டையோடு சேருகிற இடத்தில் இருந்த கயிற்று முடிச்சு. காவடியின் பாரமெல்லாம் கடைசியில் அங்கேதான் இறங்குகிறது. பூ வைத்து மூடிய பிறகு யாருக்கும் அது தெரியாது. அந்த முடிச்சை மட்டும் ஒன்பது முறை வரைந்தாள். பென்சிலில் நான்கு, கரியில் இரண்டு, பேனாவில் மூன்று. பேனாவில் போட்டபோது கயிற்றின் புரிகள் நன்றாக வந்தன, இறுக்கம் வரவில்லை. கரியில் இறுக்கம் வந்தது, புரிகள் மறைந்தன. இதை ஓரத்தில் இரண்டு வரியில் எழுதி வைக்கச் சொன்னேன். பதிவும் சோதனையும் என்று பாடத்திட்டம் சொல்வது இதைத்தான்.

அப்புறம் லினோ அச்சுக்குப் போனாள். லினோ என்பது மெத்தென்ற தகடு. அதில் கூர்க்கருவியால் செதுக்கி, மேடாக நிற்கிற இடத்தில் உருளையால் மை தடவி, தாளை வைத்து அழுத்தினால் அச்சு விழும். செதுக்கிய பள்ளம் வெள்ளையாக நிற்கும். முடிச்சுக்குப் பின்னால் 'வேல்' என்று எழுத்துப் பொறித்திருந்தாள். தாளை உரித்தபோது எழுத்து கண்ணாடிக்குள் பார்ப்பது போல இடம் வலம் மாறி விழுந்திருந்தது. தகட்டில் இடம் வலம் மாற்றிச் செதுக்க வேண்டும் என்பதை அந்த நேரத்தில் மறந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தாளைக் கசக்கப் போனவளைத் தடுத்து, ஸ்கெட்ச் புத்தகத்தில் ஒட்டச் சொன்னேன். ஒட்டினாள். மறுநாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தவள், எழுத்தைத் திருத்தாமல் முழுவதுமாக எடுத்துவிட்டாள். முடிச்சு மட்டும் போதும், பெயர் சொல்ல வேண்டியதில்லை என்று பக்கத்தின் அடியில் எழுதியிருந்தாள். கடைசியில் அந்த அச்சையே துணியில் திரும்பத் திரும்பப் பதித்து, மூன்று மீட்டர் நீளத்துக்குத் தொங்கவிட்டாள். அண்ணனின் முதல் காவடியிலிருந்து அந்த வருடம் வரை, வருடத்துக்கு ஒரு முடிச்சு.

காலண்டர் படத்திலிருந்து இந்தத் துணி வரைக்கும் வந்த வழிதான் பாடம். அந்த வழியைப் புத்தகத்தில் பக்கம் பக்கமாக யாரும் பார்க்கலாம்.

வினாத்தாள் பகுதி இதையே குறுகிய காலத்தில் செய்யச் சொல்கிறது. தாள் முன்கூட்டியே கைக்கு வந்துவிடும். ஒரு தலைப்பைத் தேர்ந்தெடுத்து, தயாரிப்பு வேலைகளைச் செய்து முடித்து, அவற்றோடு தேர்வறைக்குப் போக வேண்டும். கண்காணிப்பில் மொத்தம் 15 மணி நேரம், அமர்வுகளாகப் பிரித்து. நீளமான நேரம்தான், ஆனால் எண்ணெய் வண்ணம் காய அது போதாது. ஒரு பூச்சு காயவே நாள் கணக்கில் ஆகும். அக்ரிலிக் நிமிடங்களில் காயும், அதனால் வண்ணங்களை ஈரத்தில் இழைப்பது கடினம். நீர்வண்ணம் காற்றின் ஈரத்தைப் பொறுத்தது. மேட்டுநிலத்து ஊரான கியூர்பிப்பில் மழைநாளில் ஒரு பூச்சு காய்வதற்குள் கடலோரத் தலைநகர் போர்ட் லூயியில் இரண்டு காய்ந்துவிடும். எந்தப் பொருளை எடுப்பது என்பதைத் தேர்வறைக்கு வெளியிலேயே, சொந்தக் கையால் செய்து பார்த்து முடிவு செய்திருக்க வேண்டும்.

சரி, பாடத்தின் பெயரில் இருக்கிற 'வடிவமைப்பு' என்ன? ஓவியத்தில் கேள்வியை நீங்களே போட்டுக்கொள்ளலாம். வடிவமைப்பில் கேள்வி இன்னொருவரிடமிருந்து வருகிறது. ஊறுகாய் பாட்டிலுக்கு ஒரு லேபிள் என்றால், அதைக் கடையில் எவ்வளவு தூரத்திலிருந்து பார்ப்பார்கள், எந்த மொழியில் தேடுவார்கள், எண்ணெய்க் கை பட்டால் மை கலையுமா என்பதெல்லாம் வடிவமைப்புக் கேள்விகள். அழகு அதற்குள் அடங்கி வர வேண்டும்.

இதற்கு நான் வகுப்பில் காட்டும் உதாரணம் எல்லோர் சட்டைப்பையிலும் இருப்பது. மொரீசியஸ் ரூபாய் நோட்டில் மதிப்பு ஆங்கிலம், தமிழ், இந்தி என்று மூன்று மொழிகளில் அச்சாகியிருக்கும். 1998 இல் வெளியான புதிய நோட்டுகளில் தமிழும் இந்தியும் இடம் மாறின. தமிழ் மூன்றாவதுக்குப் போனது. கரும்புத் தோட்டத்து ஒப்பந்தக் கூலிகள் கப்பல் கப்பலாக வருவதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே, பிரெஞ்சுக்காரர் காலத்தில், பாண்டிச்சேரியிலிருந்து தமிழ்க் கைவினைஞர்கள் இங்கே வந்திருந்தார்கள். அந்த முன்வருகையை நோட்டில் இருந்த வரிசை சொல்லிக்கொண்டிருந்தது. தமிழ் மக்கள் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டு, 1999 இல் பழைய வரிசையோடு மறுபடி வந்தன. மதிப்பும் மாறவில்லை, சொற்களும் மாறவில்லை. ஒரு வரி மேலே போனது, ஒரு வரி கீழே வந்தது. அதைத் தீவே படித்தது. பக்க அமைப்பு என்ற பாடத்தை இதற்கு மேல் நான் எப்படி விளக்குவது? நூறு ரூபாய் நோட்டில் நம் தமிழ் அரசியல் தலைவர் ரங்கநாதன் சீனிவாசன் முகத்தைப் பார்க்கும்போது, மொழிகளின் வரிசையையும் ஒரு முறை பாருங்கள்.

இப்படி முதலில் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்து, பிறகு ஒன்றில் இறங்குகிற கல்விமுறைக்கு ஒரு வரலாறு உண்டு. 1919 இல் ஜெர்மனியின் வைமார் நகரில் வால்டர் குரோபியஸ் தொடங்கிய பௌஹௌஸ் பள்ளியில், பட்டறைக்குள் நுழையும் முன் எல்லா மாணவரும் ஒரு தொடக்கப் பயிற்சியை முடிக்க வேண்டும். அதை வகுத்தவர் யோஹானஸ் இட்டன். சொரசொரப்பு–வழவழப்பு, வெளிச்சம்–இருட்டு என்று எதிர்எதிரானவற்றைத் தொட்டும் வரைந்தும் அறியச் செய்தார். 1922 இன் கடைசியில் பௌஹௌஸ்காரர்களின் படங்கள் கல்கத்தாவுக்கே வந்து, வங்க ஓவியர்களின் படைப்புகளோடு காட்சிக்கு வைக்கப்பட்டன. பின்னால் பிரிட்டனிலும் இந்த எண்ணம் வேர்விட்டது. கலைக்கல்வி பற்றி 1960 இல் அங்கே வந்த கோல்ட்ஸ்ட்ரீம் அறிக்கை, பட்டயப் படிப்புக்கு முன் ஒரு தொடக்கப் படிப்பு வேண்டும் என்றது. இன்றும் அங்கே பல கலைக்கல்லூரிகளில் பட்டப்படிப்புக்கு முன்னால் ஒரு வருட ஃபவுண்டேஷன் படிப்பு இருப்பது அந்த வழியில்தான்.

பௌஹௌஸில் யோசெஃப் ஆல்பர்ஸ் மாணவர்களிடம் வெறும் தாளைக் கொடுத்து, இதை வைத்து என்ன செய்ய முடியும் என்று பாருங்கள் என்பார். அதே வழியில் நான் கொடுக்கிற ஒரு பயிற்சியை வீட்டிலேயே செய்யலாம். இரண்டு புத்தக அடுக்குகளைச் சாண் இடைவெளியில் வையுங்கள். ஒரு ஏ4 தாளை அவற்றின் மேல் பாலமாகப் போட்டு நடுவில் ஒரு காசு வையுங்கள். தொய்ந்து விழும். இப்போது அதே தாளை விசிறிபோல் சின்னச் சின்ன மடிப்பாக மடித்துப் போடுங்கள். காசுகளை ஒவ்வொன்றாக வையுங்கள், எத்தனை தாங்குகிறது என்று எண்ணுங்கள். பசை இல்லை, கத்தரி இல்லை, பொருளும் கூடவில்லை. வடிவம் மட்டும் மாறியது. கூரையில் போடுகிற தகரம் ஏன் அலை அலையாக இருக்கிறது என்பது அப்போது பிள்ளைக்குத் தானாகப் புரியும். இந்தப் பயிற்சியைச் செய்கிற நாளில்தான், கை சுமாராக ஓடுகிற பிள்ளைகள் சிலர் முதன்முறையாக நிமிர்ந்து உட்கார்வதைப் பார்த்திருக்கிறேன். முகம் வரைய வராதவர்களுக்கு முப்பரிமாணத்தில் அபாரமான கண் இருக்கும். பாடத்திட்டம் அவர்களுக்கும் இடம் வைத்திருக்கிறது. ஓவியம், அச்சு, துணி, புகைப்படம், சிற்பம், வரைகலை, எதில் வேண்டுமானாலும் போகலாம்.

பாதி மதிப்பெண் வைத்திருக்கிற தனி ஆய்வுக்கு வருகிறேன். இதில் செய்முறை வேலையோடு 1000 முதல் 1500 சொற்கள் வரை ஒரு எழுத்துப் பகுதியும் உண்டு. இரண்டும் ஒன்றோடொன்று பேச வேண்டும். தலைப்பைச் சின்னதாக வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் முதல் அறிவுரை. நேரில் போய்ப் பார்க்கக்கூடியதாக இருக்கட்டும் என்பது இரண்டாவது. பிகாசோவைத் தூரத்திலிருந்து கும்பிடுவதை விட, பக்கத்து ஊர்க் கோவில் கோபுரத்தில் மழையும் வெயிலும் பட்டு எந்த நிறம் முதலில் வெளுக்கிறது என்று ஆறு மாதம் கவனிப்பது நல்ல ஆய்வு.

நம் ஓவியர்களிடமே பார்க்க நிறைய இருக்கிறது. வாக்கோ பைசாக்கின் படங்கள் தீவில் பலருக்கும் பழக்கமானவை. பளிச்சென்ற நிறம், அதைச் சுற்றிக் கறுப்புக் கோடு. அந்தப் பக்கம் சென்னைக்குப் போனால் கே.சி.எஸ். பணிக்கர் இருக்கிறார். 1966 இல் சென்னைக்குப் பக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கியவர். எழுத்து, ஜாதகக் கட்டம், கணக்குக் குறி போன்றவற்றையே ஓவியத்தின் உடம்பாக்கியவர். சோழமண்டலத்து ஓவியர்கள் பாத்திக் (மெழுகு பூசிச் சாயமேற்றிய துணி) போன்ற கைவினைப் பொருள்களைச் செய்து விற்று, அதில் வந்ததை வைத்து ஓவியத்தை நடத்தினார்கள். கலையும் வடிவமைப்பும் ஒரே கையில் இருந்த இடம் அது. தமிழ் எழுத்தை வைத்து வேலை செய்ய நினைக்கிற மாணவருக்கு நான் முதலில் காட்டுவது பணிக்கரைத்தான்.

எழுதும்போது ஓவியர் எங்கே பிறந்தார், எத்தனை பரிசு வாங்கினார் என்று நிரப்புகிறார்கள். அது யாருக்கும் வேண்டாம். "இந்தப் படம் மிக அழகாக உள்ளது" என்பதும் வேண்டாம். "கறுப்புக் கோடு ஒவ்வொரு நிறத்தையும் தனி அறையில் அடைத்துவிடுவதால், சிவப்பு பக்கத்து மஞ்சளோடு கலங்காமல் நிற்கிறது. என் கோவில் படத்தில் கோட்டை எடுத்துப் பார்த்தேன். இரண்டும் ஒன்றை ஒன்று தின்றன." இப்படி ஒரு பத்தி வந்தால் போதும். பார்த்தது, அது எப்படி வேலை செய்கிறது, அதைத் தன் வேலையில் சோதித்தபோது என்ன ஆனது, மூன்றும் அதற்குள் வந்துவிட்டன.

செலவைப் பற்றியும் கேட்பார்கள். வண்ணங்களும் தாள்களும் மலிவில்லைதான். ஆனால் முதல் வருடத்தின் பெரும்பகுதியை 2பி பென்சில், அதைவிட மென்மையும் கறுப்பும் கூடிய 6பி பென்சில், கரி, கறுப்பு மை, சாதாரணத் தாள் என்று ஓட்டலாம். தேயிலைச் சாற்றிலும் மஞ்சளிலும் வரைந்த பிள்ளைகள் உண்டு. மஞ்சள் மட்டும் வெயிலில் வெளுத்துவிடும், அதனால் படத்தை மூடி வைக்க வேண்டும். போர்ட் லூயியில் புளூ பென்னி அருங்காட்சியகத்துக்குப் போனால் 1847 ஆம் ஆண்டுத் தபால்தலைகளின் மூலப்பிரதிகளுக்குக் கொஞ்ச நேரம்தான் விளக்குப் போடுவார்கள். காரணம் அதேதான், வெளிச்சம் நிறத்தைத் தின்னும்.

மேற்படிப்புக்கு மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் நுண்கலைப் பிரிவு இருக்கிறது. ஆடை, வரைகலை என்று போக விரும்புகிறவர்களுக்கு ஃபேஷன் அண்ட் டிசைன் இன்ஸ்டிட்யூட் இருக்கிறது. வெளிநாட்டுக் கலைக்கல்லூரிகள் பெரும்பாலும் போர்ட்ஃபோலியோ கேட்கும். இரண்டு வருட வேலையிலிருந்து தேர்ந்தெடுத்த தாள்கள்தான் அது. கட்டடக்கலைக்குப் போகிறவர்கள் கணக்கையும் சேர்த்து எடுத்துக்கொள்வது நல்லது.

அந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்படியானால் இவள் இப்போது என்ன செய்யட்டும்?" என்றார். வீட்டில் பித்தளைச் செம்பு இருக்கிறதா என்று கேட்டேன். தமிழர் வீட்டில் இல்லாமல் இருக்குமா? அதை நன்றாகத் துலக்கி, ஜன்னலோரம் வைத்து, ஒரு வாரம் தினமும் ஒரே நேரத்தில் ஒரு படம் போடச் சொன்னேன். கோடு வேண்டாம், வெளிச்சமும் இருட்டும் மட்டும். ஓவியத்தில் டோன் என்பது அதுதான். தாளின் வெள்ளையிலிருந்து 6பி தருகிற கறுப்பு வரை எத்தனை படி இருக்கிறது, எந்தப் படி எங்கே விழுகிறது என்பது.

ஏழு படங்களையும் அடுத்த வாரம் கொண்டு வந்தாள். முதல் மூன்றிலும் செம்பு ஒரு பக்கம் வெளுத்து, ஒரு பக்கம் கறுத்து, நடுவில் மெதுவாக மாறிக்கொண்டிருந்தது. செம்பு எப்படி இருக்கும் என்று மனதில் இருந்ததை வரைந்திருக்கிறாள். மெருகேறிய பித்தளையில் அப்படி வராது. ஆகக் கறுப்பான இடம் ஆக வெளிச்சமான இடத்தை ஒட்டியே நிற்கும், நடுவில் படியே இல்லாமல். நான்காவது படத்தில் அது இருந்தது. செம்பின் வயிற்றில் ஜன்னல் வளைந்து நீண்டு கிடந்தது. கம்பிகள் வில் போல வளைந்திருந்தன. அவற்றுக்கு முன்னால், கட்டைவிரல் நகம் அளவுக்கு, குனிந்து வரைந்துகொண்டிருக்கும் ஒரு தலை.